வாக்குக்கு முன்பே: சிகாகோவின் 13ஆவது செனட் தொகுதி

ஒரு தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக வாக்கு எண்ணிக்கையிலிருந்து தொடங்குவார்கள். யார் வென்றார், எத்தனை வாக்கு வித்தியாசம், எந்த அலை அடித்தது என்று கணக்குப் போடுவார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநில செனட்டின் 13ஆவது தொகுதிக்கு இந்த வழி அதிக தூரம் போகாது. சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில் மிச்சிகன் ஏரியை ஒட்டிக் கிடக்கும் இத்தொகுதியில்தான் பராக் ஒபாமா 1997 முதல் 2004 வரை மாநில செனட்டராக இருந்தார். 1996இல் அவர் பெற்றது 82 சதவீத வாக்கு. 1998இல் 89 சதவீதம். 2002இல் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. அந்த மூன்று முறையும் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வுத் தேர்தலிலும் அவருக்கு எதிராக ஒருவரும் இல்லை. இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் இங்கே அரசியலே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். உண்மையில் அரசியல் கடுமையாகவே நடந்தது. அது வாக்குச்சாவடிக்கு வெளியே, வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே நடந்து முடிந்தது. வேட்புமனு பரிசீலிக்கப்பட்ட மேசை, காலியிடத்துக்கு ஆள் தேடிய கட்சி நிர்வாகிகளின் கூட்டம், தொகுதி எல்லை வரையப்பட்ட கணினித் திரை ஆகிய மூன்று இடங்களில்தான் இத்தொகுதியின் வரலாறு தீர்மானிக்கப்பட்டது. மக்கள் பின்னர் வந்து அதற்கு ஒப்புதல் அளித்தார்கள்.

இல்லினாயில் எல்லைக்கோடு பற்றிய சண்டை பழையது. 1901இல் சட்டமன்றத் தொகுதிகளை வரைந்த மாநிலம், அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றைத் தொடவேயில்லை. சிகாகோ பெருத்துக்கொண்டே போயிற்று. நகரத்துக்கு வெளியே இருந்த கிராமப்புற உறுப்பினர்களோ மறுவரையறை செய்தால் தங்கள் இடங்கள் குறையும் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1954இல் செய்த அரசியல் சட்டத் திருத்தம் ஒரு சமரசம். கீழவை மக்கள்தொகைப்படி அமையும்; செனட் நிலப்பரப்பை முதன்மையாகக் கொண்டு அமையும். அப்படி அமைந்த 58 செனட் இடங்களில் சிகாகோவுக்குக் கிடைத்தவை 18 மட்டுமே. 1964இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநில மேலவைகளும் மக்கள்தொகைப்படியே அமைய வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் அந்தச் சமரசம் உடைந்தது. அதே ஆண்டில் கீழவைத் தொகுதிகளை வரைவதிலும் இரு கட்சிகளும் ஒத்துப்போகாததால், 177 உறுப்பினர்களையும் மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. கட்சிக்கு 118 பேர் வீதம் பெயர் அச்சிடப்பட்ட அந்த வாக்குச்சீட்டு ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம். மக்கள் அதைப் படுக்கை விரிப்பு என்று கேலி செய்தார்கள். ஜனநாயகக் கட்சியின் 118 பேரும் வென்றார்கள். கோடு போடுவதில் தகராறு வந்தால் தேர்தலே உருமாறிவிடும் என்பதை இந்த மாநிலம் அப்போதே கண்டுகொண்டது.

இந்தக் கொந்தளிப்புக்குப் பின் வரைந்த புதிய தொகுதிகளில் 1966இல் நடந்த தேர்தலில் தெற்குச் சிகாகோவின் ஹைட் பார்க் வட்டாரத்திலிருந்து செனட்டுக்குப் போனவர் ரிச்சர்ட் நியூஹவுஸ். மேயர் ரிச்சர்ட் ஜே. டேலியின் கட்சி எந்திரம் நகரையே கையில் வைத்திருந்த காலம் அது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஹைட் பார்க் மட்டும் அதற்கு முழுமையாக அடங்கியதில்லை. பின்னாளில் அமெரிக்க செனட்டரான பால் டக்ளஸும், டேலியை நகர்மன்றத்தில் இருபது ஆண்டுகள் எதிர்த்து நின்ற லியோன் டெஸ்பிரஸும் இந்த வார்டிலிருந்தே நகர்மன்றம் போனவர்கள். நியூஹவுஸும் அந்த மரபில் வந்தவரே. 1975இல் டேலியை எதிர்த்து மேயர் பதவிக்கே போட்டியிட்டார். இடையில் மறுவரையறைகளால் தொகுதியின் எண் மாறி 13 ஆயிற்று, ஆள் மாறவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் பதவியில் இருந்தார். சுயேச்சைக் குணம் கொண்ட, படித்த, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஒரு வட்டாரம் தானே ஆளைத் தேர்ந்தெடுக்கும் தெம்போடு இருந்தது என்பதற்கு நியூஹவுஸின் காலம் சான்று. அதனால்தான் பின்னர் நடந்ததைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தெம்பில்லாத ஊரில் கட்சி நிர்வாகிகள் முடிவெடுத்தால் அதில் வியப்பில்லை. தெம்புள்ள ஊரிலும் அப்படியே நடந்தது.

1991இல் நியூஹவுஸ் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். இல்லினாய் சட்டப்படி சட்டமன்ற இடம் காலியானால் உடனே இடைத்தேர்தல் கிடையாது. விலகியவரின் கட்சியைச் சேர்ந்த உள்ளூர் நிர்வாகிகள் 30 நாட்களுக்குள் கூடி அதே கட்சியைச் சேர்ந்த ஒருவரை நியமிப்பார்கள். அப்படி நியமனம் பெற்றவர் ஆலிஸ் பாமர். 2004இல் ஒபாமா அமெரிக்க செனட்டுக்குத் தேர்வாகி விலகியபோது அதே வழியில் வந்தவர், ஹெய்ட்டியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த வழக்கறிஞர் குவாமே ரௌல். 2019 ஜனவரியில் ரௌல் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஆனதும் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் ராபர்ட் பீட்டர்ஸ். ஆக, நியூஹவுஸுக்குப் பின் வந்த நால்வரில் மூவர் முதன்முறை அவைக்குள் நுழைந்தது நியமனத்தின் மூலம். வாக்குச்சீட்டின் வழியே முதலில் உள்ளே வந்த ஒரே ஆள் ஒபாமா. அந்த வாக்குச்சீட்டிலும், கட்சித் தேர்வுக் கட்டத்தில், அவர் பெயர் மட்டுமே இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இடைத்தேர்தல் செலவு பிடிக்கும். வாக்காளர் வருகையும் குறைவாக இருக்கும். நியமிக்கப்பட்டவரை அடுத்த தேர்தலில் மக்கள் தூக்கியெறியலாமே என்பார்கள். செனட்டில் 28 மாதங்களுக்கு மேல் பதவிக்காலம் மிச்சமிருந்தால் அடுத்த பொதுத்தேர்தலிலேயே வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டமும் சொல்கிறது. வாதம் நியாயமானது. ஆனால் அந்த அடுத்த தேர்தலில் நியமனக்காரர் புதுமுகமாக நிற்பதில்லை. பதவி, அலுவலகம், ஊழியர்கள், நன்கொடையாளர் பட்டியல், கட்சியின் ஆதரவு எல்லாம் அவர் கையில் இருக்கும். எதிர்த்து நிற்கக் கூடியவர்களில் பலர் ஏற்கெனவே அந்தக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்துத் தோற்றவர்கள். கட்சியைப் பகைத்துக்கொண்டு மறுபடி களம் இறங்க யோசிப்பார்கள். சட்டத்தில் திறந்திருக்கும் கதவு நடைமுறையில் சாத்தியே கிடக்கிறது. 13ஆவது தொகுதியில் நியமனம் பெற்ற மூவருமே அடுத்த தேர்தலிலும் அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

1995-96இல் நடந்தது வேறு வகை. குற்றத் தீர்ப்புக்குப் பின் பதவி விலகிய நாடாளுமன்ற உறுப்பினர் மெல் ரேனால்ட்ஸின் இடத்துக்குப் போட்டியிட ஆலிஸ் பாமர், அவர் விலகும் முன்பே முடிவு செய்திருந்தார். தன் செனட் தொகுதிக்கு வாரிசாக ஒபாமாவை அவரே அறிமுகப்படுத்தினார். 1995 நவம்பர் இறுதியில் நடந்த சிறப்புக் கட்சித் தேர்தலில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் வென்றார். பாமர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். உடனே அவருடைய ஆதரவாளர்கள் செனட் தொகுதியைத் திருப்பித் தருமாறு ஒபாமாவைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். அவசர அவசரமாகக் கையெழுத்து சேர்த்த பாமர், கடைசி நாளில் மனு கொடுத்தார். தேவைப்பட்டவை 757 கையெழுத்துகள். அவர் கொடுத்தவை சுமார் 1,580. ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் வாரியத்தில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலோடு ஒவ்வொரு கையெழுத்தையும் ஒப்பிட்டார்கள். தொகுதிக்கு வெளியே வசிப்பவர், பதிவு இல்லாதவர், கையெழுத்துக்குப் பதில் பெயரை அச்செழுத்தில் எழுதியவர் என்று ஒன்றொன்றாக அடிபட்டன. வாரியம் அதற்குச் சற்று முன்புதான் இத்தொகுதியின் பட்டியலிலிருந்து பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை நீக்கியிருந்தது. பழைய பட்டியலை நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. பாமர் போட்டியிலிருந்து விலகினார். களத்தில் இருந்த மற்ற மூவரும் தள்ளுபடி ஆனார்கள். அந்த மூவரில் இருவர் நூறு கையெழுத்துக்கும் குறைவாகவே பின்தங்கியிருந்தார்கள்.

ஒபாமா சட்டத்தை மீறவில்லை. கையெழுத்து விதி விளையாட்டுக்கு நிற்பவர்களை வடிகட்டுவதற்காக வந்தது. அதைச் சரியாகப் பின்பற்றியவருக்கு மற்றவர் பிழையைச் சுட்டிக்காட்ட உரிமை உண்டு. வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்தவர் பாமர்தான் என்பதும் உண்மை. இந்த வாதங்களை ஏற்கலாம். ஆனால் இவை அனைத்தும் வேட்பாளர்களுக்கிடையே உள்ள நியாயத்தைப் பற்றியவை. வாக்காளரின் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி வேறு. நான்கரை ஆண்டுகள் பதவியில் இருந்த ஒரு செனட்டரையும், அவர் இடத்தைக் கேட்ட ஓர் இளம் வழக்கறிஞரையும் அருகருகே வைத்து எடைபோட இத்தொகுதி மக்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் வந்தது. அது 1996 மார்ச் வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் முன்பே கைநழுவிப் போயிற்று. விளையாட்டுக்கு நிற்பவரை வடிகட்ட வந்த விதி, பதவியில் இருந்தவரையே வடிகட்டிவிட்டது. ஒரு விதி தன் நோக்கத்தைத் தாண்டி வேலை செய்யும்போது அதைப் பயன்படுத்தியவரைக் குறை சொல்லத் தேவையில்லை; விதியைக் குறை சொல்லலாம்.

மூன்றாவது இடமான எல்லைக்கோடு, மற்ற இரண்டையும் விடப் பெரியது. 1970இல் எழுதிய இல்லினாய் அரசியல் சட்டம், பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மறுவரையறையில் சட்டமன்றம் ஜூன் 30க்குள் முடிவெடுக்காவிட்டால் இரு கட்சிகளிலிருந்தும் தலா நால்வர் கொண்ட எட்டுப் பேர் குழு அமையும் என்றது. அதுவும் தேறாவிட்டால் மாநில உச்ச நீதிமன்றம் கட்சிக்கு ஒருவராக இரண்டு பெயர்களைத் தரும். மாநிலச் செயலாளர் திருவுளச்சீட்டு எடுப்பார். பெயர் வந்தவர் ஒன்பதாவது உறுப்பினர் ஆவார். எல்லாவற்றையும் இழக்கும் ஆபத்தை எண்ணிப் பயந்து கட்சிகள் சமரசத்துக்கு வரும் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. பாதியைப் பங்கு போடுவதைவிட முழுவதையும் பணயம் வைப்பதே மேல் என்று இரு கட்சிகளும் முடிவு செய்தன. 1981இல் சீட்டு ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது. 1991இல் குடியரசுக் கட்சிக்கு. 2001இல் மறுபடி ஜனநாயகக் கட்சிக்கு. 2001 செப்டம்பரில் லிங்கன் அணிந்த உயரமான தொப்பியின் மாதிரி ஒன்றிலிருந்து சிகாகோவின் முன்னாள் மேயர் மைக்கேல் பிலாண்டிக்கின் பெயரை மாநிலச் செயலாளர் ஜெஸ்ஸி வொயிட் எடுத்தார். குடியரசுக் கட்சியின் முதல் குடியரசுத் தலைவரான லிங்கனின் தொப்பி, அக்கட்சியைப் பத்தாண்டு ஆட்சியிலிருந்து இறக்கியது.

13ஆவது தொகுதிக்கு இதனால் என்ன ஆயிற்று என்பதில்தான் இந்தக் கட்டுரையின் முதன்மையான சான்று இருக்கிறது. 1991 வரைபடத்தின்படி நடந்த முதல் தேர்தலில், 1992இல், 59 செனட் இடங்களில் 32ஐக் குடியரசுக் கட்சி பிடித்தது. 1997இல் ஒபாமா அவைக்கு வந்தபோது அவர் சிறுபான்மைக் கட்சி உறுப்பினர். அவைத் தலைவர் ஜேம்ஸ் ஃபிலிப் விரும்பாத மசோதாக்கள் குழுவிலேயே கிடந்து மடிந்தன. 2002 தேர்தலில், புதிய வரைபடத்தில், ஜனநாயகக் கட்சிக்கு 32 இடங்கள் கிடைத்தன. 2003இல் எமில் ஜோன்ஸ் அவைத் தலைவர் ஆனார். ஒபாமாவின் கைக்கு முக்கியமான மசோதாக்கள் வந்தன. காவல்துறையினர் வாகனங்களை நிறுத்தும்போது ஓட்டுநரின் இனத்தைப் பதிவு செய்யும் சட்டமும், கொலை வழக்கு விசாரணைகளை ஒளிப்பதிவு செய்யும் சட்டமும் அந்த ஆண்டில் நிறைவேறின. 2004இல் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்டபோது அவர் மக்கள் முன் வைத்தது இந்தப் பட்டியலைத்தான். 1998இலும் 2002இலும் இத்தொகுதி அதே ஆளைப் பெரும் ஆதரவோடு அனுப்பியது. அந்த ஆதரவால் முதல் ஆறு ஆண்டுகளில் கிடைக்காத பலன் ஏழாவது ஆண்டில் கிடைத்தது. இடையில் மாறியது வாக்காளரின் மனமல்ல. தொப்பியிலிருந்து வந்த ஒரு சீட்டு.

இது மிகைப்படுத்தல், 2002இல் இல்லினாயில் குடியரசுக் கட்சி எப்படியும் தோற்றிருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். ஆளுநர் ஜார்ஜ் ரயனின் முந்தைய பொறுப்புக் காலத்தில் லாரி ஓட்டுநர் உரிமங்கள் லஞ்சத்துக்குக் கொடுக்கப்பட்ட ஊழல் அந்தக் கட்சியை உலுக்கியது. அந்த ஆண்டில் ஆளுநர் பதவியும் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. அலை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அலையால் மட்டும் செனட் கவிழ்ந்துவிடும் என்றால் அது முன்பே கவிழ்ந்திருக்க வேண்டும். 1992இலும் 1996இலும் பில் கிளின்டன் இல்லினாயைப் பெரிய வித்தியாசத்தில் வென்றார். 2000இல் அல் கோர் வென்றார். அந்த மூன்று தேர்தல்களிலும் மாநில செனட் குடியரசுக் கட்சியிடமே இருந்தது. நல்ல அணைபோல 1991 வரைபடம் மூன்று வெள்ளத்தைத் தாங்கியது. நான்காவது வெள்ளம் வந்தபோது அணையே இல்லை. அலையின் பங்கையும் கோட்டின் பங்கையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தொகுதிக்குள்ளேயும் கோடு வேலை செய்தது. 1990களில் 13ஆவது தொகுதி ஹைட் பார்க்கிலிருந்து தெற்கே சவுத் ஷோர் வரையிலும், மேற்கே ஏழைக் குடியிருப்புகளைத் தாண்டி சிகாகோ லான் வரையிலும் நீண்டிருந்தது. 2000இல் நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து நின்ற ஒபாமா, 61க்கு 30 சதவீதம் என்ற கணக்கில் படுதோல்வி அடைந்தார். அடுத்த ஆண்டு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் கட்சியின் வரைபட வல்லுநரோடு உட்கார்ந்து அவர் வரைந்த புதிய தொகுதி, மேற்குத் திசையை விட்டுவிட்டு ஏரிக்கரை ஓரமாக வடக்கே ஏறி, நகரின் செல்வர்கள் வாழும் கோல்ட் கோஸ்ட் வரை போயிற்று. கறுப்பின மக்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். ஆனால் முன்பைவிடப் பணமும் படிப்பும் அதிகமுள்ள தொகுதி அது. மாநிலம் தழுவிய போட்டிக்குத் தேவையான நன்கொடையாளர்களும் பத்திரிகைக்காரர்களும் தொழிலதிபர்களும் இப்போது அவருடைய சொந்த வாக்காளர்கள். மேற்கே இருந்த வட்டாரங்கள் எந்த வாக்கெடுப்பிலும் அவரைக் கைவிடவில்லை. அவர்தான் கோட்டை மாற்றி வேறு பக்கம் போனார்.

சிகாகோவில் கோட்டை எப்படிப் போட்டாலும் ஜனநாயகக் கட்சிதானே வெல்லும், பிறகு எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். கட்சியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஓர் உறுப்பினர் யாருடைய தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும், யாருடைய தெருவுக்கு வர வேண்டும் என்பதைக் கோடுதான் தீர்மானிக்கிறது. இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று: கறுப்பின மக்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைக்க வேண்டுமென்றால் யாராவது வேண்டுமென்றே கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடு கற்ற பாடம் அது. இதை ஒதுக்க முடியாது. ஆனால் 1991இல் குடியரசுக் கட்சி கறுப்பின வாக்காளர்களைச் சில தொகுதிகளுக்குள் நெருக்கி அடைத்தது. 2001இல் ஜனநாயகக் கட்சி அவர்களை அதிகத் தொகுதிகளில் பரப்பியது. இரண்டுமே பிரதிநிதித்துவத்தின் பெயரால் செய்யப்பட்டவை. இரண்டும் வரைந்தவரின் கட்சிக்கே லாபம் தந்தன. வேண்டுமென்றே போடுவது குற்றமல்ல. லாபம் பெறுகிறவரே அளவுகோலைப் பிடிப்பதுதான் கோளாறு.

கடைசியாக, விளைவைக் காட்டி வழியை நியாயப்படுத்தும் வாதம். நியூஹவுஸ், பாமர், ஒபாமா, ரௌல் என்று இத்தொகுதி அனுப்பியவர்கள் சோடை போனவர்களல்ல. 2011இல் இல்லினாயில் மரண தண்டனையை ஒழித்த மசோதாவைச் செனட்டில் முன்னெடுத்தவர் ரௌல். இத்தனை நல்லவர்கள் வந்த வழியில் என்ன குறை என்ற கேள்வி எழுவது இயல்பு. நல்லவர் வந்ததற்குக் காரணம் அந்த வட்டாரத்தின் அரசியல் மரபும், அவரவர் திறமையும். வழி அதற்கு உத்தரவாதம் தரவில்லை. இதே நியமன முறையும், இதே மனுப் பரிசீலனையும், இதே வரைபட அறையும் இல்லினாயின் மற்ற தொகுதிகளிலும் உண்டு. அங்கே எல்லாம் ஒபாமாக்கள் வந்துவிடவில்லை. அதோடு, திறமையான ஆட்களும் பதவிக்கு வந்தபின் அந்த வழியையே பயன்படுத்தினார்கள். 2011இல் ஆளுநர் பதவியும் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்ததால் திருவுளச்சீட்டுக்கே வேலையில்லாமல் போயிற்று. அந்த ஆண்டு செனட்டின் மறுவரையறைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் 13ஆவது தொகுதியின் ரௌல்.

2016 பிப்ரவரியில் குடியரசுத் தலைவராக ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் திரும்பிவந்து இல்லினாய் சட்டமன்றத்தில் பேசிய ஒபாமா, அரசியல்வாதிகள் வாக்காளர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார். அந்த ஆண்டே வரைபடத்தைச் சுயேச்சையான ஆணையத்திடம் கொடுக்கக் கோரி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தள்ளியது. 2021 வரைபடத்தையும் ஆளுங்கட்சியே வரைந்தது. 2001இல் தன் தொகுதியைத் தானே வரைந்தவர் இப்படிப் பேசியதை இரட்டை வேடம் என்று ஏளனம் செய்வது எளிது. ஆனால் விதியை வைத்து வென்றவர் அந்த விதி தவறு என்று சொல்லும்போது, அந்தச் சாட்சியத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. அவர் பேசியும் மாறாததற்குக் காரணம், மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் எல்லாருமே அதே விதியால் வந்தவர்கள் என்பதுதான். 13ஆவது தொகுதியின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரு தேர்தல் நேர்மையாக நடந்ததா என்று வாக்கு எண்ணும் அறையில் மட்டும் தேடினால் பதில் கிடைக்காது. இத்தொகுதியில் எண்ணிக்கை சர்ச்சைக்குரியதாக இருந்ததில்லை. எண்ணுவதற்கு முன் மனு மேசையிலும், நிர்வாகிகள் கூட்டத்திலும், வரைபட அறையிலும் யாருக்கு இடம் இருந்தது என்று கேட்டால்தான், 82, 89, 100 என்ற அந்தப் பெரிய சதவீதங்களில் மக்கள் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று பிரித்தறிய முடியும்.